பிழை வகை ஏழு

உவர்மலையில் ஒரு மாடி அறை.
ஆறு கணினி, ஒரு ஏசி,
ஒழுகுகிற ஏசிக்குக் கீழே ஒரு வாளி.
எனக்கு வேலை
பிள்ளைகள் விட்ட பிழைகளைப் பார்ப்பது.

சரியான விடைகள் இங்கே வருவதில்லை.
அவற்றைக் காசு கொடுத்து வாங்க ஆளில்லை.
படிப்பிக்கப் பழகுகிற இயந்திரத்துக்குப்
பிழைதான் தீனி.
எந்த வரியில் பிள்ளை சறுக்கியது,
அழித்து அழித்துத் தாள் கிழிந்த இடத்தில்
முதலில் என்ன இருந்தது,
நான் அதற்குச் சொல்லவேண்டும்.

ஏழு பெட்டி தந்திருக்கிறார்கள்.
கணக்குப் பிழை. குறி மாறியது. அலகு மறந்தது.
கேள்வி விளங்கவில்லை. பாதியில் விட்டது.
பக்கத்தில் பார்த்து எழுதியது
(இதை அமத்த எனக்கு விரல் வருவதில்லை).
ஏழாவது, ஏனையவை.
ஏனையவையைக் குறைச்சுப் பாவியுங்கோ என்று
பாஹிம் ஒவ்வொரு திங்களும் சொல்லுவார்.

சாதாரணதரத்தில் எனக்குக் கணிதம் டபிள்யூ.
இரண்டு தரம்.
தவணைத் தாள் திரும்பி வரும்போது
மூலைக்கு மூலை ஒரு சிவப்புக் கோடு.
ஐம்பத்து மூன்று பேர் வகுப்பில்
கோடு போடவே டீச்சருக்கு இரவு போதாது,
அவவைக் குற்றம் சொல்லமாட்டேன்.
ஆனால் பின்னத்தைக் கண்டதும்
எனக்கு ஏன் வயிறு கலங்கியது என்று
ஒருவரும் கேட்கவில்லை.
இனிக் கேட்குமாம் ஒரு இயந்திரம்.
பொறுமையாக, பெயர் சொல்லி,
எத்தனை தரமும்.
வேறு பிள்ளைகளிடம்.

பொறாமையாகத்தான் இருக்கிறது.

நேற்றுப் பின்னேரம் மூன்று மணி.
மூதூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம், தரம் ஏழு.
பெயரை மறைத்துத்தான் அனுப்புவார்கள்,
ஆனால் ஓரத்தில் பூப் போட்டுத் தானே எழுதியிருந்தது:
நுஸ்கியா.

ஒரு படகு
மணிக்கு எட்டுக் கிலோமீற்றர் வேகத்தில்
பன்னிரண்டு கிலோமீற்றர் போக
எவ்வளவு நேரம் எடுக்கும்?

கச்சான் அடிச்சாப் போகேலா.
அடிக்காட்டி ஒன்றரை மணித்தியாலம்.
வாப்பாட தோணி எண்டா ரெண்டு, எஞ்சின் பழசு.

இயந்திரம் முதல் வரியிலேயே நின்றுவிட்டது.
திரையில் அதன் குறிப்பு:
கச்சான் என்பது நிலக்கடலை.
விடை கேள்வியுடன் தொடர்பற்றது.

வாய்விட்டுச் சிரித்தேன்.
பக்கத்து மேசை வினோதரி திரும்பிப் பார்த்தாள்.
பிறகு பெட்டிகளைப் பார்த்தேன்.
ஏழிலும்
சரி என்று ஒரு பெட்டி இல்லை.
இங்கே வருகிற தாள் சரியாக இருக்கக்கூடும் என்று
எவரும் நினைத்திருக்கவில்லை.

ஏழை அமத்தினேன். விளக்கம் எழுது என்றது.
கச்சான் ஒரு காற்று, எழுதினேன்.
தரைப் பக்கத்தால் வரும், சுடும்.
கொட்டியாரக் குடாவில் அது எழும்பினால்
கரைக்கு முகம் திருப்பவே படகு பாடுபடும்.
அழித்தேன்.
பிள்ளை சரி. கேள்விதான் பிழை, எழுதினேன்.
அதையும் அழித்தேன்.
கடைசியில் ஒரே ஒரு வரி:
கேள்வியில் மாதம் இல்லை.

இருபது நிமிடம் போயிற்று. ஒரு விடைக்கு நாலு ரூபாய்.
பாஹிம் பின்னால் வந்து நின்று வாசித்தார்.
கிண்ணியாக்காரர்.
ஏனையவையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
யன்னலைக் கொஞ்சம் திறந்தார்,
சூடு முகத்தில் அடித்தது,
மூடிவிட்டுப் போனார்.

அனுப்பியது எங்கே போகும், தெரியாது.
ஆயிரம் நிலக்கடலைக்கு நடுவே
ஒரு காற்று நிற்குமோ,
அடுத்த வருஷம் ஒரு பிள்ளையிடம் அது
எந்த மாதம் என்று கேட்குமோ,
தெரியாது.

அடுத்த தாள்.
பதினேழு தர ஆறு, தொண்ணூற்றிரண்டு.
பெட்டி ஒன்று, ஒரு வினாடி வேலை.
ஆனாலும் விரல் நிற்கிறது.
இந்த இடம் எனக்குத் தெரியும்.
ஆறேழு நாற்பத்திரண்டு,
இரண்டைப் போட்டுவிட்டு
கையில் வைத்த நாலு
கைக்குள்ளேயே மூன்றாகிப் போன இடம்.