அசைந்த நிமிடங்கள்

ஒன்றும் செய்யவேண்டாம் என்றார்கள்.
கண்ணைத் திறந்தபடி
மேலே தெரியும் கூட்டல் குறியைப் பாருங்கள்,
ஏழு நிமிடம், சும்மா இருங்கள்.

சும்மா.
முப்பத்தெட்டு வயதுக்குள் என்னிடம்
இவ்வளவு கடினமாக யாரும் எதையும் கேட்டதில்லை.

கெண்ட் ரிட்ஜ் மருத்துவமனையின் அடித்தளம்.
பெயர் சொல்லி அழைக்கவில்லை, புண்ணியம்.
எஸ் நாற்பத்தொன்று என்றார்கள்.
வெற்றிச்செல்வன் என்ற என் பெயர்
எந்த வரிசையில் ஒலித்தாலும்
மூன்றாய் முறிந்துதான் வரும்.
எல்லாத் தலையும் திரும்பி
வென்றவனைத் தேடும்.
நான் கழிவறையில் இருப்பேன்.

கையில் ஒரு ரப்பர்க் குமிழைத் திணித்தார் நூர்ஹிதாயா.
முடியவில்லை என்றால் அழுத்துங்கள், வந்துவிடுவேன்.
அழுத்துவதா?
பேருந்தின் சிவப்புப் பொத்தானையே
அழுத்தாதவன்.
என் நிறுத்தத்தில் வேறு யாரும் இறங்காவிட்டால்
அடுத்ததில், அதற்கும் அடுத்ததில்,
யாராவது மணியடிக்கும்வரை உட்கார்ந்திருந்து
வெயிலில் திரும்பி நடப்பவன்.
ஒரு மழைநாள் முழு வட்டமும் சுற்றி
ஏறிய முனையத்துக்கே வந்து,
ஓட்டுநர் விளக்கை அணைத்தபோது
தூங்கிவிட்டதாக நடித்திருக்கிறேன்.

இயந்திரம் தட்டத் தொடங்கியது,
பக்கத்து மனையில் தூண் இறக்குவதுபோல் முதலில்,
பிறகு பழுதான ஃபேக்ஸ்போல்.
சும்மா இருந்தேன். அதாவது,
காப்பிக்கடையில் கொப்பி ஓ கொசோங் என்று
பதினொரு முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்து
பன்னிரண்டாவது முறை வாய் திறந்து
"தே" என்று கேட்டுவிட்ட அந்த இனிப்புத் தேநீரை
இன்னொரு தடவை குடித்தேன்.
பிறந்தநாள் வாழ்த்து என்றவரிடம்
உங்களுக்கும் என்று சொன்னேனே, இரண்டாயிரத்து ஒன்பதில்,
அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.
அவர் கனடா போய்ப் பல வருடம்.

ஆய்வாளர் சியூ கெங் முன்பே விளக்கியிருந்தார்.
வாதுமைப் பருப்பளவு ஒரு காவலாளி உள்ளே,
அவனை அமர்த்தவேண்டிய மேலாளர் நெற்றிக்குப் பின்னால்.
இருவருக்கும் பேச்சுவார்த்தை எப்படி?
வேலை இல்லாத நேரத்தில்
எந்த இடமும் எந்த இடமும் சேர்ந்து ஏறி இறங்குகின்றன?
உங்களைப் போன்றவர்களுக்கு அது வேறு மாதிரியா?
எனக்குத் தெரிந்தவரை
என் காவலாளிக்குத் தூக்கமே கிடையாது.
ஒன்பதாம் மாடியில் ஒருவர் மின்தூக்கி ஏறினால்
புளோக் முழுக்க அலாரம்.
மேலாளர் கூட்டத்தில் இருக்கிறார்,
என்னைப் பற்றிய கூட்டம்.

ஐந்தாம் நிமிடம் காதடைப்பு நழுவியது.
வலது காதில் ஆணி.
பொறுத்துக்கொள்ளலாம், பாவம் அவர்கள் வேலை கெடும்,
அடுத்த ஆள் வேறு காத்திருப்பார்,
வந்து என்ன ஆச்சு என்றால் என்ன சொல்வது,
எந்தச் சொல்லில் தொடங்குவது என்று
நான் ஒத்திகை பார்த்து முடிப்பதற்குள்
கை அழுத்திவிட்டிருந்தது.
நான் இல்லை. கை.

சத்தம் நின்றது. காலடி.
ஓகே ஆ?
சாரி என்றேன். சாரி, சாரி.
இதுக்குத்தானே இது, என்று
அடைப்பைச் சரியாகச் செருகிவிட்டுப் போனார்.

பிற்பாடு, என் படம் எப்படி என்று
நான் கேட்கவில்லை; சியூ கெங்கே சொன்னார்.
தனி ஆளுக்குச் சொல்ல இதில் ஒன்றுமில்லை,
இந்தப் பக்கம் அறுபது பேர், அந்தப் பக்கம் அறுபது பேர்,
சராசரியில்தான் ஏதாவது தெரியும், தெரிந்தால்.
கூட்டத்தில் ஒளிய
இதைவிட நல்ல இடம் எனக்கு யார் தந்தார்கள்?
அந்த முதல் ஐந்து நிமிடத்தை எடுத்துவிடுவோம், என்றார்.
தலை அசைந்திருக்கிறது.

ஆக, ஆய்வில் இருப்பது
அசையாமல் கிடந்தவன்.
உதவி கேட்டவன்
நீக்கிய கோப்பில்.

நாற்பது வெள்ளிப் பற்றுச்சீட்டு, தொண்ணூற்றைந்தாம் எண் பேருந்து.
புவன விஸ்தா தாண்டி என் நிறுத்தம் வருமுன்
ஒரு பள்ளிப் பையன் மணியடித்துவிட்டான்.
முன்னால் சிவப்பெழுத்து எரிந்தது.
எழுந்து, கம்பியைப் பிடித்து,
நானும் அழுத்தினேன்.
அடித்த மணி மறுபடி அடிக்காது.
யாரும் திரும்பவில்லை.
பொத்தான் உள்ளே போய் வெளியே வந்தது.
இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பது
எனக்குத் தெரியாது.