ஐந்தாவது விரல்

வின்னிபெக், மைனஸ் முப்பத்தொன்று.
பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
வலது கையுறைக்குள் நான்கு விரல்.
விறைப்பது ஐந்தாவது.

யன்னல் ஃபாக்டரியில் கண்ணாடி வழுக்கிய அன்று
ரொடெல் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றினான்.
காயம் வடிவாக ஆறியது.
தையல் பிரித்த நேர்ஸ் கட்டைவிரல் உயர்த்திக் காட்டினாள்.

பிறகுதான் தொடங்கியது.
தலையணை உறை பட்டால்,
சில்லறை எண்ணினால்,
அகரன் கைபிடிக்க ஓடிவந்தால்
முழங்கை மட்டும் ஒரு மின்னல்.
இழுத்துக்கொள்வேன்.
அவன் இடப்பக்கமாக வரப் பழகிவிட்டான்,
யாரும் சொல்லாமலே.

இழப்பீட்டு அலுவலகத்தில் கேட்டார்கள்:
இல்லாத விரல் எப்படி நோகும்?
பூச்சியத்திலிருந்து பத்துவரை ஒரு கோடு,
புள்ளடி போடவேண்டும்.
ஏழில் போட்டேன்.
பத்து பிறகு தேவைப்படலாம்.

டொக்டர் கோவல்சுக்
பலாப்பழம் பார்ப்பதுபோல் தழும்பைத்
தட்டித் தட்டி வந்தார்.
ஓரிடத்தில் கதிரையோடு எழும்பினேன்.
'இதுதான்' என்று ஊதாப் பேனையால் குறித்தார்.

அறுந்த நரம்பு சும்மா கிடக்காதாம்.
பழைய தோலைத் தேடி
நாளுக்கொரு மில்லிமீற்றர் வளருமாம்.
தோல் அங்கே இல்லை.
தன்னைத்தானே சுற்றிச் சுற்றி
பயறளவு முடிச்சாகிவிடும்.

வெட்டி எறிந்தால்?
திரும்ப வளரும்.
அதனால் வெட்டிய நுனியைப்
பக்கத்துத் தசைக்குப் போகும்
சின்ன நரம்பொன்றோடு தைப்பார்கள்.
'அதற்கு ஒரு வேலை கொடுக்கிறோம்.'

வதனி எனக்கு மொழிபெயர்த்தாள்:
'வேலை கிடைச்சா அடங்கிடுமாம்.'
சொல்லிவிட்டு,
பதினாலு மாதமாய் வீட்டிலிருக்கும் என்னைப் பார்த்தாள்.
இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
டொக்டருக்கு விளங்கவில்லை.

கை மட்டும் மரத்திருந்தது.
பச்சைத் துணிக்கு அந்தப்பக்கம்
ஹொக்கி பற்றிக் கதைத்துக்கொண்டே
மயிரிலும் மெல்லிய நூலால் தைத்தார்கள்.
அந்தப் பயறைக் காட்டச் சொல்லிக் கேட்டேன்.
பரிசோதனைக்குப் போய்விட்டதாம்.

இப்போது ஐந்து மாதம்.
உள்ளங்கை ஓரத்தைச் சொறிந்தால்
இல்லாத விரலின் கடி அடங்குகிறது.
வதனியிடம் சொன்னேன்,
ரசீது இருக்கிறதா என்றாள்.

பங்குனி. தெருவில் இன்னும் கண்ணாடிப் பனி.
அகரன் வழக்கம்போல் இடப்பக்கம் வந்தான்.
நான் பக்கம் மாறி நடந்தேன்.
ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான்.
பிடிக்கவில்லை.
பேக்கரி முக்கில் வழுக்கியபோதுதான் பிடித்தான்,
முழுப் பாரத்தோடு.

நொந்தது.
மூன்று.
மூன்றரை.