ஜே ஒலிப்பதில்லை

ராஞ்சோ கார்டோவாவில், டயர்க் கடைக்குப் பின்னால்
ஜன்னல் திறக்காத கட்டடம்.
காலை ஏழரைக்குக் காதில் மாட்டிக்கொள்கிறேன்
அடுத்தவர் கடனை.

ஓர் அழைப்புக்கு ஆறு நிமிடம் இருபது வினாடி.
தாண்டினால் திரையின் ஓரம் மஞ்சளாகும்,
பிறகு சிவப்பு.
மணிக்கு இருபத்திரண்டரை டாலர்.

என் கல்விக் கடனும் இதே நிறுவனத்தில்தான்.
லிகாயா டும்லாவ் என்று தேடினால்
'அனுமதி இல்லை' என்கிறது திரை.
சாப்பாட்டு வேளையில் வெளியே போய்
காருக்குள் உட்கார்ந்து
எங்கள் எண்ணுக்கே அழைத்து
வரிசையில் நிற்க வேண்டும் நான்.
ஒருமுறை எடுத்தது பக்கத்து மேசை டெவான்.
முன்பின் தெரியாதவர்களைப் போல
பிறந்த தேதி கேட்டான், சொன்னேன்.
பதிவாகிறதல்லவா.

பாக்கி முப்பத்தோராயிரத்து நானூற்றுப் பதினேழு.
படித்தது எத்னிக் ஸ்டடீஸ்.
அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று
பல் டாக்டர்கூடக் கேட்டார், என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு.
தம்பி மட்டும் கேட்டதில்லை.
ஏ.சி. மெக்கானிக் சான்றிதழ், ஒன்பது மாதப் படிப்பு,
என் சம்பளம்போல் இரண்டு மடங்கு.
போன வாரம் என் காருக்கு பேட்டரி மாற்றிவிட்டு
பில்லைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டான்.
கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை, பத்து நாற்பது.
திரையில் ஒரு பெயர் வந்து விழுந்தது:
எக்ஸ், ஒய், ஓ, ஓ, ஜே.

இரண்டாம் ஆண்டு. மூன்று கிரெடிட்.
ஹீட்டர் தட்டிக்கொண்டே இருந்த அறையில்
வியாழன் மாலை வகுப்பு.
மோங் எழுத்துமுறைக்கு ஒரே ஒரு நாள்.
ஓ இரட்டித்தால் ஒலி மூக்கில் போய் முடியும்.
கடைசி எழுத்து ஒலிப்பதற்கல்ல,
குரல் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வைத்த குறி.
ஜே என்றால்
உயரத்தில் தொடங்கிக் கீழே விழு.

விழுந்தேன்.
"மிஸ்டர் ஷோங்?"

மறுமுனையில் ஒரு குழந்தை
தட்டை ஸ்பூனால் அடித்துக்கொண்டிருந்தது.
வேறு சத்தமில்லை.
வைத்துவிட்டாரோ என்று பச்சை விளக்கைப் பார்த்தேன்.
பிறகு கேட்டார்:
"இன்னொரு தடவை சொல்லுங்க."
சொன்னேன்.

வேறுமாதிரி எழுதப்பட்டிருந்ததாம் அவர் பெயர்,
பிறர் வாய்க்கு வசதியாக.
கல்லூரியில் படிக்கும்போது மாற்றிக்கொண்டார்.
நீதிமன்றக் கட்டணம் நானூற்று முப்பத்தைந்து டாலர்,
அதுவும் கடனில்தான்.
என் படிப்பேதான், வேறு கல்லூரி.
இப்போது மெர்செட்டில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார்.
மூன்று தவணை பாக்கி.

மஞ்சள்.

வருமானத்துக்கேற்ற தவணைக்கு ஒரு படிவம் உண்டு,
பதினோரு பக்கம்.
ஒவ்வொரு கட்டமாகப் படித்துச் சொன்னேன்.
ஏழாம் பக்கத்தில் குழந்தை தூங்கிவிட்டது.

சிவப்பு எப்போது வந்ததென்று தெரியாது.

மாலையில் மேற்பார்வையாளர் பதிவைப் போட்டுக் கேட்டார்.
நேரம்: தவறியது.
பெயர் உச்சரிப்பு: ஐந்துக்கு ஐந்து.
தண்டனையை எழுதிய அதே கையால்
பரிசும் கொடுத்தார்,
காபிக் கடைக் கூப்பன், ஐந்து டாலர்.

காரில் உட்கார்ந்து கூப்பனின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
அந்த வகுப்புக்கு ஆயிரத்து நூற்று நாற்பது,
வட்டியோடு இன்று ஆயிரத்து அறுநூறு இருக்கும்.
வரவு ஐந்து.
அதற்குக் கீழே
அவர் பேசாமலிருந்த நேரத்தை எழுதப் போனேன்.
நான்கு வினாடியா, ஐந்தா?
டாலர் குறி போடுவதா?
பேனா வழவழத் தாளில் பிடிக்கவில்லை.
பெரிய கப்பாக ஒன்று வாங்கிக் குடித்தேன்.
எழுபது காசு கையிலிருந்து போனது.

படிவம் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது.
விதிப்படி நாள் கடந்ததும்
கோப்பை வசூல் நிறுவனத்துக்கு நகர்த்தினேன்,
ஒரு சொடுக்கு.
ஒஹாயோவில் எங்கோ
இன்னொரு திரையில் அது திறக்கும்.
யாரோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு
ஜேயையும் சேர்த்துப் படிப்பார்கள்.