ஏ எழுத்துக்குப் பஞ்சம்

ஃபேனை அணைத்தால்தான் வேலை நடக்கும்.
கொஞ்சம் காற்று கிடைத்தால் போதும்,
ஒரு மணி உருண்டு கட்டிலடியில் ஒளிந்துகொண்டு
விடியும்வரை பிடிகொடுக்காது.

இட்லித் தட்டின் குழிகளில்
நீலம், பச்சை, செம்புநிறம்,
கடைசிக் குழியில் எழுத்து மணிகள்.
ஆவி ஓட்டை வழியாகச் சின்னவை ஒழுகும் என்று
அடியில் போன வருடத்துக் காலண்டர் தாள்.
காலையில் இதே தட்டில் மாவு விழும்.
கழுவித்தான் ஊற்றினேன், இருந்தும் ஒருநாள்
வில்பிரட் கடித்த இட்லியில் பச்சை மணி.
"உனக்க இட்லியில முத்து வெளையுதோ?"
துப்பி, வேட்டியில் துடைத்து, திருப்பித் தந்தார்.
கால் ரூபாய் பெறாது.
வாங்கி வைத்துக்கொண்டேன்.

கோர்ப்பது தங்கூசியில்.
குளச்சல் வலைக்கடையில் கேட்டார்கள்,
என்ன மீனுக்கு?
பெண்பிள்ளைகள் கைக்கு என்றேன்.
கடைக்காரர் சற்று யோசித்து
அயிலைக்கும் மெலிந்த உருளை ஒன்றை
எடுத்துப் போட்டார்.
"இது அறாது. பிடிச்சா பிடிச்சதுதான்."

பகலெல்லாம் கருங்கல் அண்டியாபீஸ்.
அண்டிப்பால் பட்டுப் பட்டு
நுனி கறுத்த விரல்கள்.
வெள்ளை மணியைத் தொடும் முன்
தேங்காயெண்ணெய், சாம்பல், மறுபடி சோப்பு.
கறை போகாது.
மணிக்கு ஒட்டாமல் இருந்தால் சரி.

பாக்கெட்டில் எழுத்துகளை
எந்த ஊரில் யார் எண்ணிப் போடுகிறார்களோ!
க்யூ ஒன்பது, எக்ஸ் பதினொன்று,
ஏ மூன்றே மூன்று.
எங்கள் பக்கத்துப் பெயர்களுக்கு
ஏ இல்லாமல் சோறு இறங்காது.
சரளா என்ற ஒருத்தியோடு
மூன்றும் தீர்ந்தது.

பிறகு ஒரு ராத்திரி
வீ ஒன்று கைதவறித் தலைகீழாய் விழுந்தது.
குறுக்குக்கோடு இல்லாத ஏ.
ஊசிமுனையில் மை தொட்டு
மூச்சை அடக்கி ஒரு கோடு இழுத்தேன்.
திக்கணங்கோட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அப்படி ஒரு ஏயில்தான்
ஆல்பின் என்று கோர்த்தேன் ஷைபிக்கு.
முன்னால் அவள் பெயர், நடுவில் சிவப்பு இதயம்.
பஸ் வந்துவிடும் என்று
அறுபது ரூபாயை ஜன்னல் வழியே நீட்டிவிட்டு
நர்சிங் காலேஜ் யூனிபார்மில் ஓடினாள்.

கார்த்திகை மழையில் திரும்பி வந்தாள்.
குடையை மடக்கவில்லை.
"ஒரு பேரை எடுத்து மாத்தணும் அக்கா."
எந்தப் பேரை என்று நான் கேட்கவில்லை.
அறாது என்றாரே கடைக்காரர்;
நகவெட்டி ஒரே கடியில் அறுத்தது.

எடுத்த இடத்தில் என்ன கோர்ப்பது?
பூ இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது.
"நீலம் போடுங்க. சும்மா நீலம்."
ஐந்து எழுத்தும் ஒரு இதயமும் போன இடத்தில்
ஆறு நீலம்.
பழைய மணிக்குக் காசு வேண்டாம் என்றேன்.
பத்து ரூபாயை வைத்துவிட்டு
மிச்சத்துக்கு நிற்காமல் போனாள்.

அவள் போனபின் ஒவ்வொன்றாய்க் குழியில் போட்டேன்.
எல், பி, ஐ, என்.
ஏ மட்டும் கையில் நின்றது:
வியர்வையோ, ஆஸ்பத்திரி டெட்டாலோ,
நான் இழுத்த கோடு தேய்ந்தே போயிருந்தது.
திருப்பிப் பிடித்தேன். வீ.

நாளைக்கு வினிஷாவின் கைமணி.
இதை முதல் எழுத்துக்கு நேராக வைக்கலாம்.
கடைசிக்கு இன்னொரு வீ,
தலைகீழாக.
மை புட்டி எங்கே?