அடியில் பார்க்க

தெமட்டகொட றிஸ்கான் விற்கும்போது சொன்னான்:
"ஒரு கை பாவிச்சது, மிஸ்."
புத்தகத்தில் ஐந்து பெயர்.
லியனாராச்சி, பிறகு ஜமால்டீன்,
பிறகு மழையில் மை கரைந்த ஒருவர்,
சற்குணநாதன் இரண்டே மாதம்,
கடைசியாகக் கையே இல்லாத
ஒரு லீசிங் கொம்பனி.

ஓட்டத்தில் குறையில்லை.
காலி வீதியில் நாற்பதைத் தாண்டினால்
வெள்ளவத்தைக் கடையில் துணி கிழிப்பதுபோல்
ஒரே சீர்.
நின்றால்தான் சாவு.
பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விழுந்ததும்
இரண்டு இருமல், ஒரு விக்கல், மௌனம்.
பின்னால் நூறாம் நம்பர் பஸ்
என் முதுகெலும்பில் ஹோர்ன் அடிக்கும்.

கார்பரேட்டர் என்றார் ஃபிளட் வாட்ச்சர்.
கார்பரேட்டர் என்றான் கேட்டில் நின்ற ஓட்டோக்காரன், சிங்களத்தில்.
"வீட்டில ஆம்பிளையள் இல்லையோ" என்று தொடங்கிய
இரண்டாம் மாடிக்காரரும் கார்பரேட்டரில்தான் முடித்தார்.
காயப்போட்ட பெட்ஷீட்டைப் புகைக்கு மறைத்தபடி
மிசிஸ் ரொட்றிகோ, ஆங்கிலத்தில்.
மூன்று மொழியிலும் ஒரே சொல்.
இந்த நாட்டில் அது அபூர்வம்,
அதற்காகவே நம்பலாம்போல் இருந்தது.

நம்பினேன். கழற்றி, ஜெட்டை ஊதி,
வாயெல்லாம் பெட்ரோல்.
கலவைத் திருகை மெல்ல முட்டும்வரை உள்ளே,
அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே.
உதைத்தேன்.
இரண்டு இருமல், ஒரு விக்கல்.

போயா நாள். பஞ்சிகாவத்தை
ஷட்டரை இழுத்துப்போட்டுப் படுத்திருக்கும்.
கேட்க ஆளில்லாததால்
வண்டியையே கேட்டேன்.
எஞ்சின் தள்ளாடிக்கொண்டிருக்க
வலது குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்:
சுர்ர். ஆளே இல்லை.
இடது குழாயில் ஒரு சொட்டு:
அது அவசரமில்லாமல் இறங்கி வந்தது,
பென்ஷன் எடுக்கப் போகிறவர்போல.

வலது பிளக் பால்தேத்தண்ணி நிறம்.
இடது, சுண்ணாம்பு.
பக்கம் மாற்றிப் பூட்டினேன். குளிர் இடதிலேயே இருந்தது.
ஆகவே பிளக் நிரபராதி.
வயரும் தொப்பியும் நிரபராதி,
பொறி நீலமாய் அடிக்கிறது.
இடது, எங்கேயோ
களவாகக் காற்றுக் குடிக்கிறது.

மனிஃபோல்ட் பொருந்துமிடத்தில்
தோய்க்கிற சவர்க்காரத்தின் நுரையைத் தடவினேன்.
நுரை உள்ளே போனது.
அந்த இரண்டு விநாடி மட்டும்
இரு சிலிண்டரும் ஒன்றாய்ப் பேசின.

பிரித்தால்,
கேஸ்கட் ஒரு கல்யாணக் கார்ட்.
யாரோ கத்தரிக்கோலால் வெட்டியது.
எண்ணெயில் ஊறிய பொன் எழுத்து, சிங்களம்:
"...ந்திகா சமக"
சமக என்றால் உடன்.
எவருடன் என்பதை போல்ட் ஓட்டை தின்றுவிட்டது.
ஐவரில் எவர்? மிஞ்சிய கார்டா,
கொடுக்காமலே போன கார்டா?
கை துடைத்துக்கொண்டு
கொஞ்சநேரம் அதையே பார்த்திருந்தேன்.
பிறகு டூல் பெட்டியில் போட்டேன், எறிய மனமில்லை.

சமையலறையில் கிறீம் கிரேக்கர் பெட்டி.
பிஸ்கட்டைத் தட்டில் கொட்டி,
மட்டையை உலோகத்தில் அழுத்தி
எண்ணெய் விரலால் தேய்க்க
விளிம்பு தானாகத் தெரிந்தது.
வெட்டினேன். என் கேஸ்கட்டிலும் எழுத்து, தமிழில்:
"காலாவதித் திகதி: அடியில் பார்க்க".
ஏழாவது ஆள் திறக்கும்போது
அடி இருக்காது.

உதை. இன்னொரு உதை.
இடது குழாயில் ஒரு சொட்டு விட்டேன்:
சுர்ர்.
மேலிருந்து மிசிஸ் ரொட்றிகோ,
"கார்பரேட்டர்தானே?"
ஓம் என்றேன்.

இரவு, தோரணப் பல்புகளுக்குக் கீழே
பம்பலப்பிட்டியை நெருங்குகிறேன்.
சிவப்பில் நின்று பார்க்கவேண்டும்.
பச்சை.
திரும்பி வருகிறேன். மறுபடி பச்சை.
மூன்றாம் தரம் வேகத்தைக் குறைத்து
சந்திக்கு முன்னால் ஊர்கிறேன்,
விழு, சனியனே, விழு என்று.
இடது சிக்னல் லைட் எரியவில்லை.
அது நாளைக்கு.