பொருள் ஏழு

களியக்காவிளைச் சபையின் பின்னறை. இரவு எட்டு.
வெளியே செக்போஸ்டில் மத்தி லாரிகள் உறுமி நிற்கின்றன.
கமிட்டியில் மினிட்ஸ் எழுதுகிறவள் நான்.
பகலில் ஆதாரம் எழுத்து,
சப்-ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே
ஒரு மேசை, ஒரு குடை, கார்பன் தாள்.

பொருள் ஏழு: யோவேல் மகன் ரூபஸ், அடக்கம்.
தன் முடிவைத் தானே எடுத்தவன்.

வக்கீல் ஜெயசீலன் எழுந்தார்.
கொலை செய்யாதே என்பது ஆறாம் கட்டளை.
தன்னைக் கொன்றாலும் கொலைதான்.
தெக்கு மூலையில் குழி போதும், மணி கிடையாது,
போதகர் அங்கி போடக் கூடாது.
"வேதம் தெளிவாச் சொல்லுது ஓய்,
இதில வியாக்கியானத்துக்கு என்ன வேலை?"

தெளிவாக.
அந்தச் சொல்லோடு எனக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.
திருவிதாங்கூர் காலத்து மலையாள ஆதாரம்
தெளிவாகத்தான் சொல்கிறது, கிழக்கெல்லை தோடு என்று.
தோடு இடம்மாறி மூன்று தலைமுறை.
இரண்டு கட்சிக்காரரும் தாளில்தான் விரல் வைக்கிறார்கள்,
தண்ணீரில் ஒருவரும் கால் வைப்பதில்லை.

"அகித்தோப்பேல்?" என்றேன்.
ஃபேன் சுற்றியது.
பாறசாலையிலிருந்து வாழ வந்த லில்லிபாயின்
மலையாள வேதம்தான் கைக்கெட்டும் தூரத்தில்.
தேடி எடுத்து, வாய்க்குள் தமிழாக்கிச் சொன்னேன்:
தாவீதை விட்டு அப்சலோமிடம் போனவன்,
தன் ஆலோசனை எடுபடாது என்று கண்டதும்
கழுதைக்குச் சேணம் கட்டி ஊர் திரும்பினான்,
வீட்டுக் காரியங்களை நேராக்கினான், தானாகச் செத்தான்.
அப்பன் கல்லறையிலேயே அவனையும் வைத்தார்கள்.

ரூபசும் போன வியாழக்கிழமை
சீட்டுக்காசை முழுக்க அடைத்து ரசீது வாங்கியிருந்தான்.
அதை நான் சொல்லவில்லை.
அது வேதத்தில் இல்லை.

டென்னிசன் சார் கண்ணாடியைக் கழற்றினார்.
"அது நடந்ததைச் சொல்லுது பிள்ளே,
நடக்கணும்னு சொல்லல்ல.
தாவீது செஞ்சதெல்லாம் நாம செய்ய முடியுமா?"

நல்ல கேள்வி.
அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை.
ஆனால் எழுதிப் பிழைக்கிற கை இது.
ஒரு வரி முடியும் இடத்தில்
இன்னும் ஒரு சொல் சேர்க்கலாமா என்று
பேனா தயங்குவது எனக்குத் தெரியும்.
'பாவி' என்று எழுத அங்கே இடமிருந்தது.
துரோகி வேறு; ராஜாவுக்கு விரோதி.
எழுதினவனை யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?
அவன் எழுதவில்லை.
அப்பன் கல்லறை என்று முடித்து, மை உதறி,
அடுத்த வரிக்குப் போய்விட்டான்.

ஒவ்வொரு எழுத்தும் தேவன் ஊதியது என்கிறார் வக்கீல்.
ஆமென். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.
ஊதுகிறவர் மூச்சை நிறுத்தும் இடங்களையும் சேர்த்து.

வராந்தாவில் ரூபசின் சோபனபாய்,
நனைந்த செருப்பைக் கையில் பிடித்தபடி.
போதகர் வெகுநேரம் வசன எண்ணையே பார்த்திருந்தார்.
பிறகு கை தூக்கச் சொன்னார்.
ஆறுக்கு ஐந்து.
தீர்மானம்: தகப்பன் யோவேலின் பக்கத்தில் இடம் தரலாம்.
மணி பற்றிய விஷயம் ஒத்திவைக்கப்படுகிறது.

மறுநாள் நாலரைக்குக் குழியில் மண் விழும்போது
கேரளத்துப் பக்கம் யாருக்கோ கல்யாணம்.
மணி செக்போஸ்டைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது.
குழிக்காரர் மண்வெட்டியை ஊன்றி நின்றார்.
வக்கீல்கூடத் தொப்பியைக் கழற்றினார்,
மழையிலும்.

இரவு சுத்தப்பிரதி எழுதினேன்.
பொருள் ஏழு: அடக்கம் நடந்தது, அப்பன் பக்கத்தில்.
பேனா கொஞ்சம் நின்றது.
பொருள் எட்டு: ஜெனரேட்டர் டீசல்.