பழுதான சீட்டுகள்

தொலோரெஸ் ஊரின் சோயாக் கிடங்கில்
பகல் எடைமேடை எனக்கு,
இரவு நேலிதாவுக்கு.
மொத்தத்தில் வண்டி எடை போக
மிச்சம் நிகரம்.
இருபது வருஷமாக இந்தக் கழித்தல்தான்
என் பிழைப்பு.

ஏப்ரல். அறுவடை உச்சம்.
கார்தோனாவிலிருந்து விடிய விடிய லாரிகள்.
ஒரு காலை பேரேட்டில்
4417 முதல் 4421 வரை
ஐந்து சீட்டுகளைக் காணவில்லை.
பக்கத்தில் சிவப்பு மையில் அவள் கையெழுத்து:
பழுது.
அச்சு இயந்திரம் சிக்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.
மறுநாள் எட்டு.
அதற்கும் மறுநாள் பதினொன்று.

களவு என்றே நினைத்தேன்.
ஒரு சீட்டென்றால் ஒரு லாரி,
ஒரு லாரியென்றால் முப்பது டன்.
இரண்டு பிள்ளைகள், ஓடிப்போன புருஷன்,
ஒழுகுகிற கூரை.
யாருக்கும் கை நீளத்தான் செய்யும்.

மாத்தே இலை டப்பாவுக்குப் பின்னால்
ரப்பர் வளையம் போட்ட கட்டு கிடைத்தது.
சீட்டுகளின் முன்பக்கம் வெற்று.
பின்பக்கம்
பெர்பெதுவா என்றொரு பல்வைத்தியக்காரி.
காலால் மிதித்துச் சுழற்றும் துளைக்கருவியோடு
கோவேறு கழுதைமேல் ஊர் ஊராகப் போகிறவள்,
வெள்ளத்தில் ஓர் ஆற்றுத்திட்டில் மாட்டிக்கொள்கிறாள்.
கூட ஒரு கொள்ளைக்காரன்.
அவனுக்குக் கடைவாய்ப்பல் வலி.
அவன் மடியில் துப்பாக்கி, அவள் கையில் குறடு.
'வாயைத் திற' என்கிறாள்.

சீட்டு தீர்ந்துவிட்டது.

அன்று மூன்று லாரிகளைத் தப்பாக எடைபோட்டேன்.

மாலையில் கேட்டேன்: பல் வந்ததா?
திருடியவள்போல் முகம் சிவந்தது.
'தெரியாது. நேற்று வண்டி அதிகம். ஆறு வரிதான்.'
இதற்கெல்லாம் என்ன கிடைக்கும் என்று கேட்டேன்.
'ஒன்றும் கிடைக்காது. தூக்கம்தான் போகும்'
என்று சொல்லிக்கொண்டே
வெந்நீர்க் குடுவையைத் திறந்தாள்.
ஏதோ லாபக் கணக்குச் சொன்னவள்போல் இருந்தது குரல்.

அப்புறம் நான் செய்ததுதான் வினை.
கம்பெனிக்கு ஐம்பதாம் ஆண்டு.
நிறுவனரின் வாழ்க்கையை எழுத ஆள் தேடினார்கள்.
நல்லது செய்வதாக நினைத்து
அவள் பெயரைக் கொடுத்தேன்.
பக்கத்துக்கு எண்ணூறு பெசோ.
நாற்பது பக்கம் எழுதினாள்.
அந்த மனிதர் நேரம் தவறியதே இல்லை,
கடன் வைத்ததே இல்லை,
அவருக்குப் பல் வலித்ததாகவும் தெரியவில்லை.
வீட்டுக்குப் புதுத் தகரக்கூரை வந்தது.
பிள்ளைகள் நனையாமல் தூங்கினார்கள்.
எனக்கு ஒரு புட்டி ஒயின் கொடுத்து நன்றி சொன்னாள்.
அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் ஜூன் முழுக்க ஒரு பழுது இல்லை.
ஜூலையிலும் இல்லை.
இவ்வளவு சுத்தமான பேரேட்டை
என் ஆயுளில் பார்த்ததில்லை.
பார்க்கச் சகிக்கவுமில்லை.
இரண்டு மாதமாக ஒருவன்
வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தால்
தாடை என்னத்துக்கு ஆகும்?

கேட்டேவிட்டேன்.
'எழுதிப் பார்த்தேன்' என்றாள்.
'கொள்ளைக்காரன் நேரம் தவறாதவனாகிவிட்டான்.
துப்பாக்கிக்கு ரசீது கேட்கிறான்.'
சிரிக்கவில்லை அவள்.

ஆளில்லாத ஒரு மதியம்
பழைய கட்டை எடைமேடை நடுவில் வைத்துப் பார்த்தேன்.
இருபது கிலோவுக்குக் கீழே
இந்த இயந்திரத்துக்குக் கண் தெரியாது.
பூஜ்யம் காட்டியது.
மழைக்கு முன் எடுத்து உள்ளே வைத்தேன்.

ஆகஸ்டு. குளிர்.
இரவுக்கு ஒரு லாரி வந்தால் அதிகம்.
இன்று காலை பேரேட்டைத் திறந்தேன்.
5102. பழுது.
ஒன்றே ஒன்று.
வாசலில் முதல் லாரி ஹாரன் அடிக்கிறது, அடிக்கட்டும்.
டப்பாவை நகர்த்தினேன்.

குறடு நழுவிவிட்டதாம்.
பிடுங்கியது பக்கத்துப் பல்லாம்.
நல்ல பல்.

நான் சிரித்த சிரிப்பில்
லாரிக்காரன் இறங்கி வந்து கேட்கிறான்,
எடையில் என்ன தகராறு என்று.